கல்வெட்டின் சிப்

பதினோரே நிமிடம். அண்ணன் ஏழு வருடம் பார்த்துப் பார்த்துச் செய்த பூட்டை அவள் பதினோரு நிமிடத்தில் திறந்துவிட்டாள். திறந்த கையோடு கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். நல்லவேளை, யாரும் வரவில்லை.

அண்ணன் என்றால் கூடப் பிறந்தவன் இல்லை. ஆராய்ச்சிக்கூடத்தில் அவளுக்கு மூத்த மாணவன். ஏழு வருடமாக ஒரே நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருப்பதால் மற்றவர்கள் அவனைக் கல்வெட்டு என்பார்கள். பூட்டு என்றால் வாசல் பூட்டு இல்லை, நகம் அளவு சிப். ஒரு ரகசிய எண்ணை உள்ளே வைத்துக்கொண்டு யாருக்கும் காட்டாமல் இருக்க வேண்டும், அதுதான் அதன் வேலை.

ஆனால் சிப் கணக்குப் போடும்போது மின்சாரத்தைக் கொஞ்சம் கூட்டியும் குறைத்தும் இழுக்கும். அந்த ஏற்ற இறக்கத்தைத் திரும்பத் திரும்ப அளந்தால் போதும், ரகசிய எண் கசிந்துவிடும். கசியாமல் தடுக்க அண்ணன் ஒரு வழி கண்டுபிடித்திருந்தான், அவள் வேறொரு வழி.

ஒருவர் சிப்பை இன்னொருவர் உடைத்துப் பார்த்து அறிக்கை எழுத வேண்டும், அதற்கப்புறம்தான் பட்டம். இது பேராசிரியர் போட்ட சட்டம். அவளும் தன் சிப்பை அண்ணனிடம் கொடுத்து ஒரு மாதமாகிறது. கேட்கும்போதெல்லாம் "பாத்துட்டே இருக்கேம்மா" என்பான்.

எல்லாருடைய சிப்பும் ஒரே மாதிரிப் பச்சைப் பலகையில்தான் உட்கார்ந்திருக்கும். பெட்டி மேல் ஒட்டியிருக்கும் பேர்தான் அடையாளம். சோதிக்கக் கொடுப்பவர் புது எண் ஒன்றை உள்ளே ஏற்றி, அதையே உறையில் எழுதி ஒட்டிக் கொடுப்பார். அண்ணன் பெட்டியோடு கொடுத்த உறையை அவள் இப்போது கிழித்துப் பார்த்தாள். உறைக்குள் அவன் எழுதியிருந்த எண்ணும் திரையில் வந்த எண்ணும் அச்சு அசல் ஒன்று.

திரையில் ஓடிய அலைகள் எங்கேயோ பார்த்த முகம் மாதிரி இருந்தன. எல்லாச் சிப்பும் ஒரே கணக்கைத்தானே போடுகிறது என்று அதை விட்டுவிட்டாள். அண்ணனின் ஏழு வருடம் போயிற்றே என்ற நினைப்பில் அலையை யார் பார்த்தார்கள்.

மத்தியானம் கேன்டீனில் அண்ணனின் மனைவி வந்து எதிரே உட்கார்ந்தாள். ஏழாம் மாதம், மூச்சு வாங்கியது.

"உன் கையெழுத்து ஒண்ணுதான் பாக்கியாமே. சீக்கிரம் போட்டு அந்த மனுஷனை வெளிய தள்ளு தாயே. மாப்பிள்ளை இப்ப எந்தக் கிளாஸ் படிக்கிறார்னு எங்கப்பா கேக்கறார்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தட்டில் இருந்த சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"வேலைக்குக் கூப்பிட்டுட்டாங்க, தெரியுமா? ஒண்ணாம் தேதிக்குள்ள பட்டம் வரலேன்னா வேற ஆளைப் போட்டுக்குவாங்களாம். நீ ஏன் சாப்பிடாம உக்காந்திருக்கே?"

"பசிக்கலை அண்ணி."

சாயங்காலம் அறிக்கையில் 'திறக்க முடியவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். இந்தச் சிப் நாளைக்கு யார் நெஞ்சுக்குள் வைக்கிற கருவியில் போய் உட்காருமோ என்ற நினைப்பு வந்தது. அந்த நினைப்போடுதான் அண்ணனிடம் கொண்டுபோய் நீட்டினாள்.

அவன் இரண்டு தடவை படித்தான். சந்தோஷப்பட வேண்டியவன் முகம் தொங்கிப்போயிற்று.

"ஒண்ணுமே வரலையா?"

"இல்லண்ணா."

"எத்தனை தடவை அளந்தே?"

"அம்பதாயிரம்."

"நல்லாப் பாத்தியா? இன்னொரு தடவை வேணா பாக்கறியா?"

"உங்க சிப்பை உடைக்கச் சொல்லி நீங்களே கெஞ்சறீங்களேண்ணா."

அவன் அறிக்கையை மடித்துக்கொண்டு எழுந்தான். "சரி, சார் கிட்டயே குடுத்துடறேன்."

இரண்டு எட்டு வைத்திருப்பான். அவள் ஓடிப்போய்க் காகிதத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"குடுக்காதீங்கண்ணா. பதினோரு நிமிஷத்துல வந்துடுச்சு. அண்ணி முகத்தைப் பாத்துட்டுப் பொய் எழுதிட்டேன். உங்க ஏழு வருஷத்துல மண்ணை அள்ளிப் போட்டுட்டேன்."

கண்ணீர் மூக்கு நுனிவரை வந்துவிட்டது. அவன் கத்துவான், இல்லை இடிந்துபோய் உட்காருவான் என்று எதிர்பார்த்தாள். அவனோ தலைச்சுமையை இறக்கி வைத்தவன் மாதிரி நீளமாக மூச்சு விட்டான். அப்புறம் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தான்.

"நீ அழாதே. மன்னிப்புக் கேக்க வேண்டியவன் நான்தான்."

"நீங்க என்ன பண்ணினீங்க?"

"மூணு வாரமா உன்கிட்ட சொல்ல வாய் வரலை. சொன்னாலும் நீ நம்பியிருக்க மாட்டே. காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு. அடுத்தவன் குஞ்சுன்னு நினைச்சாத்தான் நீ கண்ணை நல்லாத் திறந்து பாப்பேன்னு தோணிச்சு."

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவன் அறிக்கையை அவள் கையிலேயே திரும்ப வைத்தான்.

"பெட்டி மேலதான் என் பேர். நீ திறந்தது உன் சிப்பைத்தாம்மா."