தடிச்சுவரும் மணிக்கோபுரமும்

நான் முதல் நற்கருணையான புதுநன்மை வாங்கின வருஷம், எங்களுக்குச் செபமந்திரம் சொல்லிக்கொடுத்த எரோணிம்மாள் அக்கா சொன்னது இது.

தூரதேசத்துக் கிராமக் கோயில் ஒன்றில் அரைவட்ட வளைவுகளோடு தடித்த பழைய கற்சுவர் இருந்தது. பிற்காலத்தில் வந்தவர்கள் அதை ஒட்டி மணிக்கோபுரம் எழுப்பினார்கள்.

"இவ்வளவு தடியா இருந்து என்னண்ணே, சன்னல் எலிப்பொந்து மாதிரி இருக்கே" என்று கோபுரம் கேலி செய்யும்.

உள்ளே வெளிச்சம் வேண்டுமென்று, ஒருநாள் சுவரை இடிக்கக் கொத்தனார்கள் வந்தார்கள். முதல் கல்லை உருவியதுமே மேலே மணி தானாக அடித்தது.

"என்ன தம்பி, பூசைக்கு நேரமாச்சா?" என்றது சுவர்.

"இல்லண்ணே, நிக்க முடியல. போயிடாதீங்க."

மணிச்சத்தத்தில் அண்ணாந்து பார்த்து, கோபுரம் ஆடுவதைக் கண்ட கொத்தனார்கள், அந்தக் கல்லை அதே இடத்தில் வைத்துப் பூசினார்கள்.

அதன்பிறகு கோபுரம், "அடிக்கட்டுமா அண்ணே?" என்று கேட்டுவிட்டுத்தான் மணியடிக்கும்.

"கோயிலுக்குப் போனா சுவரையும் ஒருதரம் தொட்டுக் கும்பிட்டுட்டு வா, கண்ணு" என்று முடித்தார் அக்கா.