எட்டு வருட வாரண்டி

நாச்சிமுத்து காலண்டர் தாளின் பின்பக்கம் நடுவில் கோடு கிழித்து, மின்சாரக் கார் வாங்கினால் வரும் நன்மைகளை இடப்பக்கம் எழுதினார். வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் முடிந்து வரும்போது மனைவி மயிலாத்தாள் பஸ்ஸில் வாந்தி எடுக்க வேண்டியதில்லை. பின்சீட்டில் படுத்துக்கொண்டே வீடு வந்துவிடலாம். பெட்ரோல் செலவும் இல்லை. நட்டங்களை எழுத வலப்பக்கத்தை அவளுக்கு விட்டிருந்தார். அவள் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

ஷோரூமில் விற்பனைப் பெண், பேட்டரிக்கு எட்டு வருட வாரண்டி என்றாள்.

மயிலாத்தாள் அவளைத் தனியே அழைத்துப் பேசினாலும் குரல் நாச்சிமுத்துவுக்குக் கேட்டது. "ஏங்கண்ணு, ரெண்டு வருசம் ஓடுனாப் போதுமின்னா வெலையில எதாச்சும் கொறைப்பீங்களா?"

பெண் சிரித்துவிட்டாள். "அப்படியெல்லாம் இல்லீங்கம்மா. எல்லாத்துக்கும் எட்டு வருசந்தானுங்க."

"எல்லாத்துக்குமா?" என்றாள் மயிலாத்தாள்.

ஓட்டிப் பார்க்கச் சாவி கொடுத்தார்கள். மயிலாத்தாள் முன்சீட்டில் உட்கார்ந்தாள். நாச்சிமுத்து பொத்தானை அழுத்தினார். ஒரு சத்தமும் இல்லை. தினமும் காலையில் செய்வதுபோல் மனைவியின் கையில், டயாலிசிஸுக்கு ஊசி குத்தும் இடத்தில் விரல்களை வைத்தார். அங்கே அதிர்வு இருக்கிறதா என்று நாள் தவறாமல் பார்க்கச் சொல்லியிருந்தாள் ஆஸ்பத்திரி நர்ஸ். தோலுக்கடியில் ரத்தம் பூனைக்குட்டியின் தொண்டைபோல் குறுகுறுத்துக்கொண்டிருந்தது.

"வண்டி ஆன் ஆயிருச்சுங்க சார், போலாமுங்க" என்றாள் பின்சீட்டில் இருந்த பெண்.

நாச்சிமுத்து தலையாட்டினார். விரல்களை எடுக்கவில்லை.