இரண்டாவது தண்டு

“ஒண்ணுதானே செய்யச் சொன்னேன்? அங்க ரெண்டு கிடக்கு!”

வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக இன்ச்டேப் பொரிந்து தள்ளினார். எந்நேரமும் இடுப்பில் டேப்போடு திரிவதால் தெருவே சேர்ந்து அவருக்கு வைத்த பெயர் அது.

“என்ன ரெண்டு? எங்கங்க?” என்றாள் மனைவி.

“லேத் பட்டறையிலதான். என் மெஷினுக்குத் திருகுத் தண்டும் நட்டும் கடையக் கொடுத்தேன்ல? அதே மாதிரி இன்னொரு செட்டையும் பாதி கடைஞ்சு, சாக்குக்கு அடியில ஒளிச்சு வெச்சிருக்கான். யாருக்குன்னு கேட்டா சிரிச்சு மழுப்பறான்!”

மரத்தில் எழுத்தும் பூவும் தானாகச் செதுக்கும் சி.என்.சி. மெஷின் ஒன்று அவர் வீட்டு மாடியறையில் உருவாகிக்கொண்டிருந்தது. மேஜைக்கு மேலே, செதுக்கும் கருவியைத் தாங்கிய ஒரு பாலம் முன்னும் பின்னும் ஓட வேண்டும். மோட்டார் திருகுத் தண்டைச் சுழற்றி அதை எப்படி இழுப்பது என்று நாலு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு வரைந்த டிசைன். முழுக்கச் சொந்த மூளை.

“அந்த மனுஷர் அப்படிப்பட்டவராத் தெரியலையே.”

“உனக்கு எல்லாரும் நல்லவங்கதான். காப்பியடிச்சு விக்கப் போறான், பாரு.”

“எதுக்கும் இன்னொரு தடவை பொறுமையாக் கேட்டுப் பாருங்க.”

கேட்பதாவது! லேத்துக்காரர் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில் எடுத்த போட்டோவை, வீட்டிலேயே மெஷின் செய்கிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். ‘உஷார்! இந்த லேத்தில் கொடுத்தால் உங்கள் டிசைன் உங்களுடையது இல்லை.’

குழுவில் பாதிப் பேர் வேலை கொடுப்பது அதே லேத்தில்தான். நன்றிகள் குவிந்தன. அவருக்கு வயிறு குளிர்ந்தது.

மூன்றாம் நாள், “முடிஞ்சுது சார், வாங்க” என்று போன். கையும் களவுமாகப் பிடிக்கக் கிளம்பினார்.

இரண்டு செட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

“இந்த ரெண்டாவது யாருக்கு? இன்னிக்குத் தெரிஞ்சாகணும்.”

“உங்களுக்குத்தான் சார்.”

லேத்துக்காரர் தன் மேஜையின் அகலமான டிராயரை ஒரு மூலையில் மட்டும் பிடித்து இழுத்தார். பாதியில் கோணிக்கொண்டு நின்றது. இரண்டு கையாலும் இழுத்தார். வழுக்கிக்கொண்டு வந்தது.

“நீங்க ஒரு ஓரத்துல மட்டும் தண்டு வரைஞ்சிருக்கீங்க. பாலமும் இப்படித்தான் சிக்கிக்கும். அந்தப் பக்கமும் ஒண்ணு போட்டு, ரெண்டையும் பெல்ட்டால கோத்துட்டா ஒரே மோட்டார் போதும். மிஞ்சின கம்பியிலதான் கடைஞ்சேன், கூலியெல்லாம் வேண்டாம்.”

“அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?”

“ஆசையா வரைஞ்சிருந்தீங்க. வெறுங்கையோட தப்புன்னு சொல்ல மனசு வரல சார்.”

இன்ச்டேப் கூனிக் குறுகிப் போனார்.

லேத்துக்காரர் தண்டுகளைத் துணியில் சுற்றிக்கொண்டே சொன்னார்: “இன்னும் ஒரு வாரமாவது ஆகும்னு நெனச்சேன். என்னமோ தெரியல, முந்தாநாள்லேர்ந்து ஒருத்தர் மாத்தி ஒருத்தரா வந்து, கொடுத்த வேலையை எல்லாம் திருப்பி வாங்கிட்டுப் போயிட்டாங்க. அதான் உங்களுது சீக்கிரம் முடிஞ்சுது சார்.”