எதிர்ப்பக்கம் சாய்ந்த செதில்கள்

கசிவுச் சோதனை அறையில் அலாரம் வீறிட்டது. நோயாளிகளின் மூச்சுக்கருவிக்குப் போகவேண்டிய எஃகுக் குழாய் ஒன்றில் காற்று கசிந்தது. அதில் அடித்திருந்த எண் ஒன்பது. அது வெல்டர் தேவசகாயத்தின் எண். இருபது வருஷத்தில் அவர் பற்றவைத்த குழாய் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

"ஒன்பதாம் நம்பருக்கே கண்ணு பட்டுடுச்சா?" என்று சோதனைக்காரர் சிரித்தார். தேவசகாயம் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தன் மேஜைக்குத் திரும்பினார்.

பக்கத்து மேஜைக் கல்யாணி அந்தக் குழாயை வாங்கி லென்சுக்கு அடியில் வைத்துப் பார்த்தாள். பற்றவைத்த வரிகள் மீன் செதில்போல அடுக்கடுக்காக, வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தன. அந்தக் கூடத்தில் இடது கையால் பற்றவைப்பவள் அவள் ஒருத்திதான். நேற்று காய்ச்சல் தாங்காமல், கடைசிக் குழாயில் தன் எண்ணைக்கூட அடிக்காமல் வீட்டுக்கு ஓடியிருந்தாள். இந்த வருஷம் ஏற்கெனவே இரண்டு குழாய்கள் அவள் எண்ணில் திரும்பியிருந்தன. மூன்றாவதும் திரும்பினால் வெல்டிங்கை மறந்துவிட்டு பேக்கிங் பகுதியில் அட்டைப்பெட்டி ஒட்டவேண்டியதுதான்.

குழாயோடு அவரிடம் போய் நின்றாள்.

"அண்ணே, இது என் கைவேலை. எதுக்கு உங்க நம்பரை அடிச்சீங்க?"

தேவசகாயம் முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவளைப் பார்த்தார்.

"ரெண்டு தப்பு வரைக்கும் எனக்கும் மன்னிப்பு உண்டும்மா. இருபது வருஷமா அது சும்மாதானே கிடக்கு."