வெளியே ஒரு குழந்தை

"வெளிய ஒரு குழந்தை கேட்பாரில்லாம கிடக்கு. யாராவது போலீசைக் கூப்பிடுங்க."

காபிக் கடையின் கால்வாய்ப் பக்கக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்த அம்மாளுக்கு மூச்சு வாங்கியது. கழுத்தில் கேமரா, தலையில் சிவப்புத் தொப்பி. பெயர் டார்லீன், அமெரிக்காவிலிருந்து ஊர் பார்க்க வந்தவள்.

கடையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். வெளியூர்க்காரர் யாராவது வந்து இப்படி அலறாவிட்டால் எங்கள் கோபன்ஹேகனுக்குப் பொழுது போகாது.

"எஸ்பென், நீயே சொல்லுப்பா. எனக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது" என்றாள் கடைக்காரி யெட்டெ.

எஸ்பெனுக்கு அலுவலகத்தில் விடுப்பு தொடங்கிய முதல் நாள் அது. தூக்கம் போதாமல் கண்கள் சிவந்திருந்தன. ஒரு கொட்டாவியை விழுங்கிவிட்டுப் பாடம் நடத்த ஆரம்பித்தான்.

"பதறாதீங்கம்மா. இங்க குழந்தைங்க தள்ளுவண்டியில வெளியதான் தூங்கும். குளிர்காத்து பட்டா நல்லா தூங்கும். பெத்தவங்க உள்ள காபி குடிப்பாங்க."

"யாராவது தூக்கிட்டுப் போயிட்டா?"

"வீட்ல இருக்கறதையே சமாளிக்க முடியல. எவன் இன்னொண்ணைத் தூக்கிட்டுப் போவான்?"

கடையே சிரித்தது. டார்லீனுக்குச் சிரிப்பு வரவில்லை. "சரி, அந்தக் குழந்தையோட அம்மா யாரு?"

மூலையில் ஓர் இளம்பெண் ஜன்னலோரம் கேக் தின்றுகொண்டிருந்தாள். எஸ்பென் அவளைத் தாடையால் சுட்டிக் காட்டினான். "அவங்களாத்தான் இருக்கும். நிம்மதியா ஒரு வாய் சாப்பிடட்டும், விடுங்க."

வெளியே படகின் மணி அடித்தது. டார்லீனின் கூட்டத்தார் படகில் ஏறி உட்கார்ந்து அவளைக் கைகாட்டி அழைத்தார்கள். மறுநாள் விடியற்காலையில் அவளுக்கு விமானம். கால்வாய்ச் சவாரியை விட்டால் விட்டதுதான்.

"அம்மா, உங்க படகு" என்றாள் யெட்டெ.

"போனா போகட்டும். பெத்தவங்க வந்து அந்தப் பிள்ளையைத் தூக்கற வரைக்கும் நான் நகர மாட்டேன்." டார்லீன் வெளியே போய்த் தள்ளுவண்டிக்குக் காவலாக நின்றுவிட்டாள். ஆவி படிந்த கண்ணாடி வழியே அந்தச் சிவப்புத் தொப்பி மட்டும் மங்கலாகத் தெரிந்தது.

"பாவம், நல்ல மனசு. ஆனா அநியாயத்துக்குப் பயம்" என்று எஸ்பென் தலையை ஆட்டினான்.

அப்போது அவன் மனைவி சிக்னேயிடமிருந்து கைப்பேசியில் செய்தி வந்தது. மதியச் சாப்பாட்டுக்கு அவள் வீட்டுக்கு வந்துவிட்டாளாம், ரொட்டி இல்லையாம். எஸ்பென் மிச்சக் காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, கடையின் தெருப்பக்கக் கதவு வழியே ரொட்டிக் கடைக்கு ஓடினான்.

சூடான ரொட்டிப் பையோடு வீட்டுக்கு நடந்தான். வெகு நாளைக்குப் பிறகு இப்படிக் கைவீசி நடப்பது அவனுக்குச் சுகமாகக்கூட இருந்தது.

கதவைத் திறந்த சிக்னேயிடம், உள்ளே நுழையும் முன்பே ஆரம்பித்துவிட்டான். "இன்னிக்கு ஒரு கூத்து கேளு. காபிக் கடையில ஒரு அமெரிக்க அம்மா. யாரோ பெத்த பிள்ளைக்காகப் படகைக் கோட்டை விட்டுட்டு, குளிர்ல வண்டிக்குக் காவல் நிக்குது. எவ்வளவோ சொன்னேன், கேட்கவே இல்லை."

சிக்னேயும் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே ரொட்டிப் பையை வாங்கினாள். அவன் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். படிக்கட்டையும் பார்த்தாள்.

"அது சரி, நம்ம பாப்பா எங்க?"