ஒரு டம்ளர் தண்ணி

கம்ப்யூட்டருக்குள் நான் பொருத்திக் கொடுத்த கூலர் கிட் ஒழுகுகிறது என்று மூன்றாவது தடவையாகக் கடைக்கு வந்து நின்றார் அந்த மனுஷர். கையில் கம்ப்யூட்டரோடு இரண்டு வாளி வேறு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“சார், கம்ப்யூட்டர் சூட்டைத் தணிக்க இதுல மொத்தமே ஒரு டம்ளர் தண்ணிதான் ஓடுது. வீட்டுல முழங்கால் தண்ணி நிக்குதுன்னா, நம்புறதுக்கு நான் என்ன கேனையனா?”

“நீங்களே திறந்து பாருங்க,” என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

அவர் வாயை அடைக்கவே கிட்டைக் கழற்றினேன். ஒரு குழாயைப் பிடுங்கி வாளிக்குள் விட்டேன். கரண்ட் கொடுக்கவில்லை, பம்ப் ஓடவில்லை.

வாளி நிரம்பியது.

அவர் அடுத்த வாளியைக் காலால் தள்ளினார். குழாய் முனையைக் கட்டைவிரலால் அழுத்தினேன். தண்ணீர் விரலைத் தள்ளிக்கொண்டு வந்தது.

வாசலில் அவர் மனைவி வண்டியிலிருந்து மிச்ச வாளிகளை இறக்கிக்கொண்டிருந்தார்.