ஆணி நிற்காத சுவர்

ஜன்னலோரப் பெஞ்சில் ஒன்று முதல் ஐந்து வரை. கணப்படுப்பருகே ஏழு. எதிரே எட்டு. மேசைத் தலைமாட்டில் அறங்காவலர் தலைவர் ஹெப்வர்த். கதவோரம், குறிப்பு நோட்டுடன் எடித்.

யார்க் நகரத்து அந்த முதியோர் தரும இல்லத்தின் கூட்டக் குறிப்பில் குடியிருப்போர் யாருக்கும் பெயர் கிடையாது, அறை எண்தான். முந்நூறு வருஷ வழக்கம்.

அன்றைக்கு ஒரே விஷயம். ஆறும் ஏழும் கல்யாணம் செய்துகொள்ள அனுமதி கேட்டிருந்தார்கள். ஆறுக்கு வயது எழுபத்தொன்று. ஏழுக்கு எழுபத்தாறு, ரயில் நிலையக் கடிகாரங்களைப் பழுது பார்த்து ஓய்ந்தவர். அன்று ஷூவுக்கு இரண்டு தடவை பாலிஷ் போட்டிருந்தார்.

ஹெப்வர்த் தொண்டையைச் செருமிக்கொண்டு, இல்லத்தை நிறுவியவரின் விதியை வாசித்தார். தன் வாசலைத் தாண்டிப் போய் இன்னொருவர் அறையில் குடியேறினால், இருவருக்குமே இங்கே இடமில்லை.

இருவருக்கும் வேறு போக்கிடம் கிடையாது.

எடித்தின் பேனா ஒரு சொட்டு மை சிந்தியது. ஒற்றியெடுத்துவிட்டு எழுந்தார். இல்லத்தின் வரலாற்றை எழுதுவதற்காக இரண்டு குளிர்காலமாகப் பழைய பதிவேடுகளைப் புரட்டிக்கொண்டிருப்பவர். 1741-ஆம் வருஷத்துப் பக்கத்தைப் படிக்க அனுமதி கேட்டார்.

ரொட்டிக்கடைக்காரரின் விதவையும் கண் தெரியாத பிடில்காரரும் அந்த வருஷம் கல்யாணம் செய்துகொண்டார்கள். அன்றைய அறங்காவலர்கள் நடுச்சுவரை உடைத்து ஒரு கதவு வைத்துக் கொடுத்தார்கள். 'வாசலை எவரும் தாண்டவில்லை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார்கள். இருவரும் காலமான பிறகு கதவை எடுத்துவிட்டுப் பூசி மூடிவிட்டார்கள்.

ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே.

எட்டு தொடையில் தட்டிக்கொண்டார். "அதான் அந்தச் சுவத்துல ஆணியே நிக்கலையா! ஆறோட ரூம்ல உக்காந்திருந்தப்ப ராணி படம் என் டீயில வந்து விழுந்துச்சே, நான் பாவம் ஆறைப் போட்டுத் திட்டினேனே."

எல்லோரும் கதவுப் பக்கம் திரும்பிச் சிரித்தார்கள்.

பிறகு ஒரு படையாக ஏழின் அறைக்குப் போனார்கள். ஹெப்வர்த் கைத்தடியால் சுவரைத் தட்டினார். ஓரிடத்தில் மட்டும் டொப்பென்றது. பூச்சு உதிர்ந்து அவர் கோட்டில் விழுந்தது. அதைத் தட்டிவிடாமலே சொன்னார்:

"சரி, கதவு எந்தப் பக்கம் தெறக்கணும்னு மட்டும் ரெண்டு பேரும் சண்டை போடாம முடிவு பண்ணுங்க."

கொத்தனாருக்கு எடித் அங்கேயே நின்று கடிதம் எழுதினார். அளவு, இடம், செவ்வாய்க்கிழமை வந்தால் நல்லது. தேதியைச் சரிபார்த்தார். கடைசியில், கூட்டக் குறிப்பில் ஒரு தடவைகூட எழுதாத விதமாக, பெயரையும் எண்ணையும் சேர்த்தே எழுதினார்: எடித் கால்வர்லி, அறை எண் ஆறு.

உறையை ஒட்டினார். ஏழு தொப்பியை மாட்டிக்கொண்டு, அதை வாங்கித் தபால் பெட்டிக்கு ஏறக்குறைய ஓடினார்.